தொந்தரவு இல்லாத தம்பிக்கு ஒரு ஸ்கேன்

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்சியாளர்,
பெண்களுக்கான கார் ஓட்டும் பள்ளி,
சைக்கிள் கடை மாடி,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிர்ச்சந்து.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசுத் தலைமை மருத்துவமனை.

பொருள்: எனது இதயத்திலிருந்து அகற்றப்பட்டது போன்ற கட்டி எனது தம்பியின் இதயத்திலும் இருக்கலாம் என்ற ஐயம் – தொண்டை வழி இதய ஸ்கேன் எடுக்க மறுத்த தங்கள் ஆணையை மாற்றக் கோருதல் – தாங்கள் கேட்ட மன்னிப்புக் கடிதத்தைத் தர மறுத்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு.
2. அதற்குத் தாங்கள் அனுப்பிய நான்கு வரிப் பதில்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மனுவின் நடுவில் அதற்கு இடம் கிடைக்காமல் போகலாம்.

1. எனது முதல் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. என் தம்பிக்கு உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாததால் ஸ்கேன் எடுக்க விதியில் இடமில்லை என்று முதல் வரியில் சொல்லியிருக்கிறீர்கள். வெளியில் எடுத்த ஸ்கேன் அறிக்கைகள் இங்கே ஏற்கப்படமாட்டா என்பது இரண்டாவது வரி. அப்படியே கட்டி இருந்தாலும் அது புற்றுநோய் வகையைச் சேராத தீங்கற்ற கட்டி என்பதால் அவசரம் ஏதுமில்லை, பொது வரிசையில் காத்திருக்கலாம் என்பது மூன்றாவது. வெளிநோயாளர் கூடத்தில் நான் உரத்த குரலில் பேசி ஊழியர்களின் பணிக்கு இடையூறு செய்ததற்கு எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது நான்காவது. எல்லாவற்றுக்கும் இந்த மனுவில் பதில் இருக்கிறது. நான்காவது வரிக்கான பதில் சுருக்கமானது என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முடியாது.

2. என் குரல் உரத்த குரல்தான். கிளட்ச்சை மிதிக்கச் சொன்னால் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறேன். நான் மென்மையாகப் பேசியிருந்தால் இந்த ஊரில் பல மதில்சுவர்கள் இந்நேரம் இருந்திருக்காது. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவரின் கால் தப்பான இடத்துக்குப் போகும் முன் என் கால் அதன் மேல் போய்விடும். அதனால் என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் என்னைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்கள் ஊழியர்களில் பலரும் என்னிடம் படித்தவர்களே. அவர்கள் யாரும் என் குரலைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

3. இனி என் நோய். எனக்கு மூச்சு வாங்குகிறது என்று தங்கள் மருத்துவமனைக்கு நான் முதலில் வந்தது என் மகளைப் பள்ளியில் சேர்த்த ஆண்டில். உட்கார்ந்திருந்தால் நெஞ்சை அடைக்கும், குனிந்தால் கண் இருட்டும், படுத்தால் சரியாகிவிடும். வந்த ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொன்னேன். கேட்டவர்களும் ஒவ்வொரு முறையும் ஒன்றையேதான் செய்தார்கள். “அந்தக் கட்டில்ல படும்மா” என்றார்கள். படுத்தேன். படுத்ததும் சரியாகிவிட்டது. சரியாகிவிட்ட நெஞ்சின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஈசிஜியும் படுக்க வைத்துத்தான் எடுத்தார்கள். காரை ஓட்டும்போது மட்டும் வரும் சத்தத்தைக் காரை நிறுத்தி வைத்துத் தேடுகிற மெக்கானிக்கிடம் நான் என் வண்டியை விடமாட்டேன். ஆனால் நெஞ்சுக்கு வேறு கடை இல்லை.

4. ரத்தம் குறைவு என்றார்கள். வாயு என்றார்கள். வயது என்றார்கள். ஒரு மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் மாமியாருடன் ஏதாவது பிரச்சினையா என்று பரிவோடு விசாரித்தார். எனக்கும் என் மாமியாருக்கும் பிரச்சினை உண்டுதான். ஆனால் அது நான் குனியும்போது மட்டும் வருகிற பிரச்சினை இல்லை.

5. அந்தச் சமயத்தில் என்னிடம் கார் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், தங்கள் மருத்துவமனையிலேயே வேலை பார்க்கும் இளம் பயிற்சி மருத்துவர். என்னிடம் படித்தவர்களிலேயே கடைசி பெஞ்ச் மாணவி அவர்தான் என்பதை அவரே ஒப்புக்கொள்வார். ஒருநாள் அவர் ஓட்ட, மருந்துக்கடைத் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது என் கைக்குட்டை காலடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குனிந்தபடியே டேஷ்போர்டில் நெற்றி சாய்ந்து நினைவிழந்திருக்கிறேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. ரோட்டைவிட்டுக் கண்ணை எடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மார்க்கெட் திருப்பம், வேகத்தடை, எதிரே வந்த தண்ணீர் லாரி எல்லாவற்றையும் அவர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு பிழையும் இல்லாமல் கடந்திருக்கிறார். பிறகு அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அக்கா திட்டவே இல்லையே, அவ்ளோ நல்லா ஓட்டுறோம் போலன்னு சந்தோஷமா வந்துட்டிருந்தேன்கா.” சிக்னலில் வண்டியை நிறுத்தி, பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்திருக்கிறார்.

6. அவர் என் இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்த்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. நினைவு வந்ததும், பச்சை விழுந்துவிட்டது, கியரைப் போடு என்று கத்தினேனாம். அவர் கியரைப் போடவில்லை. “அக்கா, இன்னொரு தடவ குனிங்க” என்றார். பின்னால் இருந்த வண்டிகள் அத்தனையும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நடுரோட்டில் என் நாடியைப் பிடித்துக்கொண்டு என்னைக் குனிய வைத்தும் சாய வைத்தும் பார்த்தார். பிறகு வண்டியை நேராகத் தங்கள் மருத்துவமனைக்கு ஓட்டினார். அவசரப் பிரிவில் என்னைப் படுக்க விடாமல் உட்கார வைத்து, முன்னால் சாய வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். “உள்ள ஏதோ டொப்புனு விழுற மாதிரி கேக்குதுக்கா. படுத்தா அந்தச் சத்தம் இல்ல” என்றார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள்.

7. ஸ்கேன் திரையில் அதை நானும் பார்த்தேன். இதயத்தின் இடது மேலறையில் ஒரு காம்பில் தொங்கும் வழவழப்பான கட்டி. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு வழியாகக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் வால்வுப் பக்கம் இறங்கும், குனிந்தால் வழியையே அடைத்துக்கொள்ளும், படுத்தால் ஒதுங்கி நிற்கும். மிக்சோமா என்று பெயர் சொன்னார்கள். அரிதானது, புற்றுநோய் அல்ல என்றும் சொன்னார்கள். மருத்துவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னைச் சுற்றி நின்று பார்த்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

8. அதுவரை கண்டுபிடிக்கத் தவறியதற்காக நான் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை. இப்போதும் கொடுக்கவில்லை. அரிய நோய், தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்த பிறகும் பார்க்க மறுப்பதுதான் என் புகார்.

9. அறுவை சிகிச்சைக்கு என்னைத் தயார் செய்த நர்ஸ், கையில் பஞ்சைக் கொடுத்து லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொன்னார். மயக்கத்தில் இருப்பவரின் உதடு நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். லிப்ஸ்டிக் இல்லாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. மருத்துவமனைக்கு வந்த எல்லா நாட்களிலும் அப்படியே வந்தேன். அன்று துடைத்தேன். என்னைப் பார்த்து நாலு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டுப் போக வந்த இதய அறுவை மருத்துவர், சொல்ல வந்ததை விட்டுவிட்டு என் உதட்டையே பார்த்தார். “இந்தப் புள்ளிங்கல்லாம் எப்பலேர்ந்து இருக்கு?” என்று கேட்டார். “அது எங்க குடும்ப முத்திரை டாக்டர். அப்பா வழியில எல்லாருக்கும் இருக்கும்” என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எல்லாருக்கும்னா, யார் யாருக்கு?” என்றார்.

10. ஐயா, எங்கள் குடும்பத்தில் உதட்டிலும் கண்ணிமையிலும் கடுகு தெறித்த மாதிரி கரும்புள்ளிகள் வரும். தெருவில் எங்களுக்குப் புள்ளி வீட்டுக்காரர்கள் என்றே பெயர். குழந்தை வளர வளர, புள்ளி வருகிறதா என்று எல்லோரும் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். வந்துவிட்டால் என் அத்தை சாக்லேட் டப்பாவோடு வந்து நிற்பார். “நம்ம ரத்தம்னு கையெழுத்தே போட்டாச்சு” என்பார். புள்ளி வராத சித்தப்பா மகளை, ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லியே அழ வைத்திருக்கிறோம். என் அப்பா ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். சித்தப்பா வண்டிக்குக் காற்றடிக்கக் குனிந்த இடத்தில் போய்ச் சேர்ந்தார். வெயில் என்றோம். இருவருக்கும் உதடு நிறையப் புள்ளி. நோய் எங்கள் முகத்திலேயே வெளிப்படையாக இருந்திருக்கிறது. நாங்கள் அதைக் குடும்பப் பெருமை என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். போதாக்குறைக்கு நான் அதன்மேல் சாயம் வேறு பூசிக்கொண்டு தங்கள் மருத்துவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

11. புள்ளி உள்ளவர்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டி வராது, பெரும்பாலோருக்குப் புள்ளி வெறும் புள்ளிதான் என்பதையும் அறுவை மருத்துவர் சொன்னார். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தால் அது பரம்பரையாக வரும் நோயாக இருக்கலாம், கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொந்தரவு வரும்வரை காத்திராமல் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். தொந்தரவு வரும்வரை காத்திராமல் என்பது அவருடைய சொற்கள். அவர் என் இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்து, எலுமிச்சம்பழ அளவிருந்த அந்தக் கட்டியை அது ஒட்டியிருந்த சுவர்த் துண்டோடு வெட்டி எடுத்து, ஓட்டையை மூடி, இதயத்தை மீண்டும் ஓட வைத்தார். இப்போது நான் குனிகிறேன், நிமிர்கிறேன், முன்பைவிட உரக்கக் கத்துகிறேன். தங்கள் மருத்துவமனைக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது. அந்த நன்றியைக் காட்டி என் வாயை அடைத்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த அறுவை மருத்துவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது.

12. என் தம்பியைப் பற்றி. மனு என்பதால் ‘அவர்’ என்று எழுதப் பார்த்தேன். இடுப்பில் தூக்கி வளர்த்தவனை அவர் என்று எழுதக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன், இதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவன் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பவன். ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பான், பெயின்ட் வாளி பலகைக்குக் கீழே தொங்கும். ஒவ்வொரு முறை பிரஷ்ஷை நனைக்கவும் குனிந்தே ஆக வேண்டும். அவன் உதட்டில் என்னைவிட அதிகப் புள்ளிகள். ஐயா தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

13. அவனை அழைத்துக்கொண்டு வெளிநோயாளர் பதிவுக் கவுன்டருக்கு வந்தேன். கவுன்டரில் இருந்தவர், “என்ன பண்ணுது?” என்று கேட்டார். “ஒண்ணும் பண்ணலைங்க” என்றான் தம்பி. “அப்ப எதுக்கு வந்தீங்க?” என்றார். நான் என் டிஸ்சார்ஜ் அறிக்கையை நீட்டினேன். “இது உங்க பேர்ல இருக்கு, அவர் பேர்ல இல்லையே” என்றார். கூடப்பிறந்தவர்களுக்கு ஒரே பெயர் வைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை என்று விளக்கினேன். அவர் கெட்டவர் அல்லர். குரலைத் தாழ்த்தி, “நெஞ்சு வலின்னு சொல்லிருங்க, நான் போட்டுக்கறேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார். நான் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். தம்பி விடவில்லை. “வலிக்கலையேங்க. வலிக்காததைப் போய் வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது?” என்றான். சுவரில் ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட் விட்டுப்போயிருந்தால் வீட்டுக்காரரை அவனே கூப்பிட்டுக் காட்டுவான். அப்படிப்பட்டவனிடம் போய்ப் பொய் சொல்லச் சொன்னால் நடக்குமா?

14. யோசித்துப் பார்த்தபோது அவன் செய்ததே சரி என்று பட்டது. நெஞ்சு வலி என்று சொன்னால் நெஞ்சு வலிக்கான வரிசையில் நிற்க வைப்பார்கள். அந்த வரிசை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அதே கட்டில். “படுங்க.” படுத்ததும் எல்லாம் சரி. வாயு மாத்திரை. பத்திரமாக வீட்டுக்கு. நான் வருடக்கணக்கில் நடந்த பாதையில் தம்பியையும் ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்புவதா? இதை யோசித்த இடத்தில்தான் என் குரல் உயர்ந்தது. பொய் சொன்னால் திறக்கிற கதவு உண்மை சொன்னால் ஏன் மூடிக்கொள்கிறது என்று கேட்டேன். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும், மறுக்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் தாங்கள் மன்னிப்புக் கடிதம் கேட்கிறீர்கள்.

15. வெளியில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தாங்கள் நினைக்கலாம். எடுத்தோம். தனியார் ஸ்கேன் மையத்தில், நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன். தம்பிக்கு அகன்ற மார்பு, கயிற்று வேலையில் இறுகிப்போன உடம்பு, படம் தெளிவாக விழவில்லை. இடது மேலறையில் ஒரு நிழல் தெரிகிறது, அது கட்டியா, எவ்வளவு பெரியது என்று உறுதி சொல்ல இயலவில்லை, தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் ஸ்கேன் தேவை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வசதி இந்த ஊரில் தங்கள் மருத்துவமனையில் மட்டும்தான் இருக்கிறது. கொண்டுவந்து காட்டினோம். வெளி அறிக்கையை ஏற்கமாட்டோம் என்றார்கள். சரி, நீங்களே எடுங்கள் என்றோம். தொண்டை வழி ஸ்கேனுக்கு முதலில் இங்கேயே நெஞ்சின் மேல் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். அதை எடுங்கள் என்றோம். அதற்குத் தொந்தரவு இருக்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த எந்த ரவுண்டானாவிலும் வெளியே போக ஒரு வழியாவது இருக்கும் ஐயா.

16. மூன்றாவது வரிக்கு வருகிறேன். தீங்கற்ற கட்டி என்பது, அது மற்ற உறுப்புகளுக்குப் பரவாது என்பதற்காக மருத்துவம் வைத்த பெயர். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது தொங்கும் இடம் எது என்றும் பார்க்க வேண்டுமல்லவா? குறுக்குச் சந்தில் நிறுத்தி வைத்த லாரியும் யாருக்கும் கெடுதல் நினைப்பதில்லை. ஆம்புலன்ஸ் அந்த வழியாக வரும்வரை. அந்தக் கட்டியிலிருந்து ஒரு சின்னத் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடலாம், வால்வை அடைத்தால் அந்த நிமிடமே உயிர் போகலாம் என்று தங்கள் அறுவை மருத்துவர்தான் எனக்குச் சொன்னார். அதனால்தான் கண்டுபிடித்த கையோடு, ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல், வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்களைத் தள்ளிவைத்து எனக்கு அறுவை செய்தார்கள். அக்காவின் இதயத்தில் அவசரமாக இருந்தது தம்பியின் இதயத்துக்குப் போனதும் எப்படி நிதானமாகிவிட்டது? இதற்கு ஒரு மருத்துவர் கையெழுத்திட்ட விளக்கம் வேண்டும்.

17. அவனுடைய கயிறுகளையும் பலகையையும் நான் எடுத்துவந்து என் வகுப்பறை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. அவனுக்கு என் மேல் கோபம். “கார்ல போடுற பிரேக்கை எம்மேல போடாதக்கா” என்கிறான். அவன் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், ஆனால் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். கட்டட மேஸ்திரி தினமும் ஆள் அனுப்புகிறார். எவ்வளவு காலம் பூட்டி வைக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பூட்டை உடைத்துக்கொண்டு போய்விடுவான். போய், பத்தாவது மாடியில் உட்கார்ந்து வாளியில் பிரஷ்ஷை நனைக்கக் குனிவான். அந்த ஒரு காட்சிதான் நான் காரில் உட்கார்ந்திருக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் கண்முன் நிற்கிறது.

18. சென்ற மாதம் என் மகளின் கீழுதட்டில் முதல் புள்ளி வந்தது. அத்தை வழக்கம்போல் சாக்லேட் டப்பாவோடு வந்துவிட்டார். எல்லாம் தெரிந்த பிறகும் பழக்கம் விடவில்லை, பாவம், வாசலுக்கு வந்ததும்தான் அவருக்கே உறைத்தது. டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு அழுதார். இந்த மனுவில் தங்களுக்குக் கோபம்தான் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் பயம். பயத்தைச் சொன்னால் காத்திருக்கச் சொல்கிறார்கள், அதனால் கோபத்தை எழுதுகிறேன்.

19. ஆகவே, என் தம்பிக்குத் தொண்டை வழி ஸ்கேன் எடுக்க இந்த வாரமே ஆணையிட வேண்டும். புள்ளி வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும், தொந்தரவு உண்டா என்று கேட்காமல், ஆண்டுக்கொருமுறை ஸ்கேன் எடுக்க வழி செய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு: எந்த நோயாளி எப்படி இருக்கும்போது தொந்தரவு வருகிறது என்கிறாரோ, அப்படி இருக்க வைத்தும் அவரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் வருகிறது என்றால் உட்கார வைத்து, குனிந்தால் வருகிறது என்றால் குனிய வைத்து. இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

20. இவற்றில் முதலாவது நடக்காவிட்டால், வரும் திங்கட்கிழமை காலை கவுன்டர் திறக்கும்போது நாங்கள் எல்லோரும் வரிசையில் நிற்போம். தம்பி, அத்தை, அத்தையின் இரண்டு மகன்கள், அவர்களுடைய பிள்ளைகள், என் மகள். லிப்ஸ்டிக் போட்டவர்கள் துடைத்துவிட்டு வருவார்கள். என்ன பண்ணுது என்று கேட்டால் உள்ளதைச் சொல்வோம், எழுதிக்கொள்ளும்வரை நகரமாட்டோம். அத்தைக்கும் என்னைப் போன்ற குரல்தான் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

பணிவைக் குறைவில்லாமல் எழுதிவிட்டதாக நம்புகிறேன்; உரிமையையும் சேர்த்துக் கையெழுத்திடுகிறேன்.

இடம்: தங்கள் அறை வாசலில் உள்ள மர பெஞ்ச்
நாள்: வியாழக்கிழமை, முற்பகல்

(கையெழுத்து)
மனுதாரர்,
பிரேக் அக்கா என்று அழைக்கப்படும்
ஓட்டுநர் பயிற்சியாளர்

கையெழுத்திட்ட பின் சேர்த்தது:

ஐயா, மேலே உள்ளதை உறையில் போடும்போது ஒரு தாள் காற்றில் பறந்து பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. கூட வந்திருந்த தம்பி குனிந்து அதை எடுத்தான். என்னிடம் நீட்டினான். நீட்டியபடியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. சில நொடிகள் நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. பெஞ்சில் படுக்க வைத்தேன். படுத்ததும் தெளிந்துவிட்டான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. “ஒண்ணுமில்லக்கா, காலைல சாப்பிடல, அதான்” என்கிறான். காலையில் என் வீட்டில் என் கையால் சாப்பிட்டான். என் தம்பி பொய் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

பயிற்சி மருத்துவருக்குப் போன் செய்துவிட்டேன், ஓடி வந்துகொண்டிருக்கிறார். தொண்டை வழி ஸ்கேன் அறையைத் திறக்கத் தங்கள் உத்தரவு வேண்டுமாம். தாங்கள் கோப்பு பார்த்துக்கொண்டிருப்பதாகவும், யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகவும் உதவியாளர் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார். காகிதத்தை மட்டும் உள்ளே கொண்டுபோவாராம். அதனால் நின்றுகொண்டே இதைத் தாளின் ஓரத்தில் எழுதி அவரிடம் கொடுக்கிறேன்.

தங்கள் விதி கேட்ட தொந்தரவு வந்துவிட்டது. இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுந்து வெளியே வாருங்கள்.